அளவையும் அறமும்

மாஹிம் இரயில் நிலையத்தின் மேற்கு வாயிலில் இறங்கிக் கடற்கரையை நோக்கி நடப்பவரும், கிழக்கு வாயிலில் இறங்கித் தாராவியின் சந்துகளுக்குள் நுழைபவரும் மும்பை மாநகராட்சியின் ஏடுகளில் ஒரே வட்டாரத்தின் குடிகளே ஆவர். தாதர், மாஹிம், தாராவி ஆகிய மூன்றையும் ஜி-வடக்கு என்ற ஒரே வார்டாக அந்த ஏடுகள் அடக்கி வைத்திருக்கின்றன. இந்த வார்டில் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக எத்தனை சதுர அடி வசிப்பிடம் இருக்கிறது, ஒருவரது சராசரி வருமானம் எவ்வளவு என்று யாரேனும் கணக்கிட்டுச் சொன்னால், அந்த எண் கணித முறைப்படி பிழையற்றதாகவே இருக்கலாம். எனினும் அது குறிப்பிடும் வாழ்வை வாழ்கிற குடும்பம் ஒன்றை இரயில் பாதையின் இருபுறத்திலும் தேடிக் காண்பது அரிது. ஒரு பிரதேசத்தின் பொருள்வாழ்வு வளர்ந்திருக்கிறதா, வளர்ந்ததெனில் அந்த வளர்ச்சி நல்ல வளர்ச்சிதானா என்று தீர்ப்புச் சொல்ல முற்படுகிற எவரும் முதலில் எதிர்கொள்வது இந்த இடரையே. நிச்சயமில்லாத அறிவைக் கொண்டு பிறர் வாழ்வை மதிப்பிடும் உரிமை நமக்கு உண்டா, உண்டெனில் அதனை எந்த நெறியில் நின்று பயன்படுத்துவது என்ற கேள்வி, மேலோட்டமாகப் பார்ப்பவர்க்குப் பொருளாதார நிபுணர்களின் கேள்வியாகத் தோன்றினாலும், உண்மையில் அளவை நூலும் அறநூலும் கூடியிருந்து விடை காண வேண்டிய கேள்வியாகும்.

தாராவியைப் பற்றி வழங்கும் எண்களைச் சற்றே வரிசைப்படுத்திப் பார்ப்போம். அதன் பரப்பு 175 ஹெக்டேர் என்று சில ஆவணங்கள் கூற, சற்றேறக்குறைய 240 ஹெக்டேர் என்று வேறு சில கூறுகின்றன. எல்லைக் கோட்டை எங்கே இழுப்பது என்பதிலேயே உடன்பாடு இல்லை. அங்கு வாழும் மக்கள் மூன்று லட்சம் என்பாரும் உளர், பத்து லட்சம் என்பாரும் உளர். ஆண்டுதோறும் அங்கு நடைபெறும் வியாபாரம் 50 கோடி டாலர் பெறும் என்றும் 100 கோடி டாலர் பெறும் என்றும் நூலுக்கு நூல் எடுத்தெழுதப்படுகின்றது. 1986ஆம் ஆண்டில், கோலார் தங்க வயலில் பிறந்து பம்பாய் குடிசைவாசிகளின் தலைவராக உயர்ந்த தமிழர் ஜோக்கின் அற்புதம் அவர்களின் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, தாராவி மக்களைக் கொண்டே தாராவியை எண்ணிப் பார்த்தது. அந்தக் கணக்கில் சுமார் ஐந்து லட்சத்து முப்பதாயிரம் மக்கள் தெரியவந்தனர். அரசாங்கம் அப்போது கருதியிருந்த தொகையோ ஏறத்தாழ அதில் பாதிதான். எண்ணப்படாத அந்தப் பாதி மக்கள் மறைவிடத்தில் ஒளிந்திருந்தவர்கள் அல்லர், பட்டப்பகலில் உழைத்துக்கொண்டிருந்தவர்கள். தாமே கணக்கெடுக்க வேண்டும் என்ற உறுதி அற்புதம் அவர்களுக்கு வந்ததற்கு ஒரு முன்வரலாறு உண்டு. செம்பூருக்கு அப்பால் மான்குர்தில் அவர் வாழ்ந்த ஜனதா காலனி 1976ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டு, அங்கிருந்த பல்லாயிரவர் சீத்தா கேம்ப்புக்குப் பெயர்க்கப்பட்டனர். ஏட்டில் இல்லாதவனுக்கு நிலத்திலும் இடமில்லை என்ற பாடத்தை அவர் அந்த இடிபாட்டிலே கற்றார்.

எண்கள் இவ்வளவு வேறுபடுவதற்குக் காரணம் கணக்கெடுப்போரின் சோம்பல் மட்டுமன்று. ஒரே கட்டடத்தின் தரையிலே தோல் பை தைக்கும் பட்டறை இருக்கும். இரும்பு ஏணியில் ஏறிச் செல்லும் மேலறையிலே ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கும். பட்டறையில் பகலெல்லாம் தைத்தவர்களே இரவில் அங்கே படுத்துறங்குவர். இதனை ஒரு வீடு என்பதா, இரண்டு என்பதா, தொழிற்சாலை என்பதா? விடியுமுன் எழுந்து இட்லி அவித்துப் பாத்திரத்தைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு நகரின் மூலை முடுக்கெல்லாம் விற்றுத் திரும்பும் தமிழரின் வருமானமும், வீட்டு வாயிலிலே அமர்ந்து கூலிக்கு வேலை செய்யும் பெண்களின் வருமானமும், 13ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கைத் தரம் பிரிப்போரின் வருமானமும் எந்தப் பேரேட்டில் ஏறும்? அது மட்டுமன்று, திருநெல்வேலிச் சீமையிலிருந்து பல தலைமுறைகளாக இங்கு வந்து தோல் பதனிட்டும் தைத்தும் பொருள் ஈட்டியவர்கள், ஈட்டியதில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்பி வீடு கட்டினர், கோயில் எடுத்தனர், தங்கையர்க்கு மணம் முடித்தனர். அந்த வளர்ச்சியை மும்பையின் கணக்கில் எழுதுவதா, தாமிரபரணிக் கரையின் கணக்கில் எழுதுவதா? பிரதேசம் என்று நாம் வரைந்துகொள்ளும் கோடு, மனிதனுடைய பாசத்துக்கும் கடமைக்கும் கட்டுப்படுவதில்லை.

இவ்வாறு அறிவு தடுமாறும் இடங்களைப் பற்றி நம் முன்னோர் ஆழ்ந்து சிந்தித்திருக்கின்றனர். நியாய சாஸ்திரத்தைத் தொகுத்த கௌதமர், அறிய வேண்டிய பதினாறு பதார்த்தங்களில் அறியும் வழியாகிய பிரமாணத்தையும் அறியப்படும் பொருளாகிய பிரமேயத்தையும் அடுத்து மூன்றாவதாகச் சம்சயத்தை, அதாவது ஐயத்தை, வைத்தார். ஐயம் எழாத இடத்தில் விசாரணைக்கு வேலையில்லை என்பது அந்த மரபின் துணிவு. தமிழில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இயற்றியபோது, இறைவனையும் உயிரையும் பற்றிப் பேசத் தொடங்குமுன் அளவைகளின் இலக்கணத்தை முதலில் வகுத்து, காட்சியைக் கெடுக்கும் குற்றங்களாக ஐயத்தையும் திரிபையும் பிரித்துக் காட்டினார். அந்தி மயங்கிய வேளையில் எதிரே நிற்பது கட்டையோ மனிதனோ என்று தயங்குவது ஐயம். கிடக்கும் கயிற்றைப் பாம்பென்றே துணிந்துவிடுவது திரிபு. இரண்டும் குற்றமே எனினும் இரண்டும் ஒரே தரத்தன அல்ல. தயங்கி நிற்பவன் இன்னும் ஓர் அடி முன்வைத்து உற்றுப் பார்ப்பான். துணிந்துவிட்டவனோ கோலை எடுத்து ஓங்கிவிடுவான்.

இந்த வேறுபாட்டை உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இன்னும் நுட்பமான ஓர் இடத்துக்குக் கொண்டு செல்கிறார். புறத்தே கவியும் இருள் மற்றப் பொருள்களை மறைக்குமாயினும், தான் இருள் என்பதைத் தானே காட்டிக்கொள்ளும். ஆகையால் அதனுள் அகப்பட்டவன் விளக்கைத் தேடுகிறான். உயிரை மறைக்கும் அறியாமையாகிய ஆணவ மலமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. ஆகையால் அதனுள் அகப்பட்டவன் தான் ஒளியில் நிற்பதாகவே எண்ணுகிறான். பிரதேச வளர்ச்சியை மதிப்பிடும் கலையில் நாம் அஞ்ச வேண்டிய அறியாமை எது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை. தாராவியின் ஜனத்தொகை மூன்று லட்சத்துக்கும் பத்து லட்சத்துக்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது முதல்வகை இருள். அது நமக்கு வெட்கத்தைத் தரலாமேயன்றித் தீங்கைத் தராது. வார்டின் சராசரி இது, ஆதலால் இந்த வட்டாரம் முன்னேறிவிட்டது என்று முடித்துவிடுவதே இரண்டாவது வகை. ஐயத்தை மறைத்துக்கொண்டு நிச்சயத்தின் உடையில் வந்து நிற்கும் எண், தன்னைக் காட்டாத இருளின் இனத்தைச் சேர்ந்தது.

இந்நாட்டிலே ஐயத்தை மறைக்காமல் அளந்த பெரியோர் இல்லாமற் போகவில்லை. பம்பாயின் புதல்வரான தாதாபாய் நௌரோஜி, 1867-68ஆம் ஆண்டுக்கு இந்தியன் ஒருவனின் சராசரி வருமானம் 20 ரூபாய் என்று மாகாணம் மாகாணமாகக் கணக்கிட்டு, 1876ஆம் ஆண்டில் பம்பாயிலே இந்தியாவின் வறுமையைப் பற்றிய தம் கட்டுரையை வாசித்தார். 1882இல் அரசாங்கத் தரப்பில் பேரிங் அதனை 27 ரூபாய் என்றார். இந்த ஏழு ரூபாயைப் பற்றிய வழக்கு முடிவின்றி நீண்டிருக்கக்கூடும். ஆனால் நௌரோஜி அந்தச் சராசரியோடு நின்றுவிடாமல், சிறைக் கைதி ஒருவனுக்கு உணவும் உடையும் அளிக்க அரசாங்கம் செய்யும் செலவை அதன் பக்கத்தில் வைத்து, குற்றவாளிக்கு அளிக்கப்படுவதுகூடக் குற்றமற்ற உழவனுக்குக் கிட்டவில்லை என்று காட்டினார். இருபதா, இருபத்தேழா என்பது ஐயத்துக்கு உரியதாகவே இருந்தாலும் அசையாத தீர்ப்பு ஒன்று இதனால் கிடைத்தது. எண்ணின் துல்லியத்தில் தொங்காமல், எண் எவ்வளவு பிறழ்ந்தாலும் மாறாத உண்மையைத் தேடிப் பிடிப்பது மதிப்பிடுவோர்க்கு உரிய விவேகம்.

புள்ளியியல் அறிஞர் மஹலனோபிஸ் அவர்களின் வழியும் இத்தகையதே. வங்காளத்தில் சணல் விளைச்சலை அளக்க முற்பட்ட அவர், ஒரே பிரதேசத்துக்கு ஒன்றையொன்று அறியாத இரண்டு குழுக்களை அனுப்பி, இருவர் கொண்டுவந்த கணக்குகளும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்த்தார். அந்த வேறுபாடே அளவையின் பிழைக்கு அளவாயிற்று. இது விஞ்ஞான உத்தி என்பது உண்மை. அதற்குள்ளே ஓர் ஒழுக்கமும் இருக்கிறது. தன் கண்ணைத் தானே முற்றிலும் நம்பாமல் இன்னொருவர் கண்ணையும் சாட்சியாக அழைப்பதும், இருவரும் முரண்பட்ட இடத்தை மறைக்காமல் ஏட்டில் பதிவதும் அடக்கமுடையோர்க்கே கைவரும் செயல்கள். தேசிய வருமானத்தை அளக்கும் முறையை வகுத்தவர்களில் தலையாயவரான சைமன் குஸ்நெட்ஸ், 1934ஆம் ஆண்டு அமெரிக்கச் செனட் சபைக்கு அளித்த அறிக்கையிலேயே, ஒரு நாட்டின் நலத்தை அதன் வருமானக் கணக்கிலிருந்து ஊகித்தல் அரிது என்று எச்சரித்ததும் இந்த அடக்கத்தின் பாற்பட்டதே.

நம் கண்முன் நடந்த ஒன்றையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபோது நகரமே நடுங்கிற்று. ஜூலை மாதத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். மருத்துவர்களும் செவிலியரும் மாநகராட்சிப் பணியாளரும் மக்களும் ஆற்றிய தொண்டு அந்தப் பாராட்டுக்கு உரியது. அதை ஒரு சொல்லாலும் குறைக்க மாட்டேன். அதே ஜூலையில் மாட்டுங்கா, செம்பூர், தஹிசர் ஆகியவற்றை உள்ளடக்கிய மூன்று வார்டுகளில் மக்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேரும் ஏனைய பகுதிகளில் நூற்றுக்கு 16 பேரும் நோய்த்தொற்றுக்கு ஆளாகி மீண்டிருந்தனர் என்று தெரிந்தது. மருத்துவமனை ஏடுகள் காட்டிய தொகைக்கும் இரத்தம் சொன்ன சாட்சிக்கும் இடையே அவ்வளவு தூரம் இருந்தது. அப்படியானால் தாராவியிலும் நோயை வென்றது ஏற்பாடா, பெரும்பாலோரைத் தொட்டுச் சென்ற தொற்றே அளித்த எதிர்ப்பாற்றலா, குடிசை மக்களின் இளவயதா, இவற்றின் கூட்டா? ஏதேனும் ஒன்றை மட்டும் காரணமாக்கிப் புகழ்ந்தோமானால் அடுத்த நோய்க்குத் தவறான மருந்தை எடுத்து வைத்துக்கொள்வோம். வெற்றியைக்கூட ஐயத்தோடு ஆராய வேண்டும் என்பது வெற்றி பெற்றவர்க்குச் செய்யும் அவமரியாதை ஆகாது. அவர் உழைப்பு வீணாகாமல் காக்கும் கடமையாகும்.

வளர்ச்சியின் அளவைவிட அதன் குணத்தை மதிப்பிடுவது இன்னும் அரிது. காலம் தன் சாட்சியத்தைத் தாமதமாகவே சொல்கிறது. மாஹிம் கழியிலே வந்து கடலோடு கலக்கும் மிட்டி ஆற்றின் சதுப்பு நிலங்களைத் தூர்த்துப் பாந்த்ரா-குர்லா வளாகம் எழுந்தபோது, வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த அந்த மாளிகை வரிசையைச் செழிப்பின் இலக்கணமென்று எவரும் கொள்ளும்படி இருந்தது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பொழிந்தபோது, ஒதுங்கிப் பரவுவதற்கு இருந்த இடத்தை இழந்த ஆறு வீடுகளுக்குள் புகுந்தது. இதற்கு மறுதலையாக, நகரத்தின் குப்பையைக் கொட்டிய மேடாகக் கிடந்த இடம் மரம் நட்டு வளர்க்கப்பட்டு 1994ஆம் ஆண்டில் மாஹிம் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது; அந்தப் பூங்கா ஈட்டித்தந்த வருமானத்தைக் கொண்டு அதனை மதிப்பிட்டால் அது பெரும் நஷ்டமாகவே தோன்றும். ஆகவே இன்றைய ஏடு முழுச் சாட்சியாகாது. நல்லது என்று நாம் இன்று எழுதும் தீர்ப்பின் கீழ், காலம் வேறு கூறுமாயின் திருத்திக்கொள்ள இடம் விட்டே எழுத வேண்டும்.

இங்கே ஒருவர் தடை கூறலாம்: எல்லாம் ஐயத்துக்கு உரியவை என்றால் எதைச் செய்வது? தீர்ப்பே சொல்லாமல் இருந்துவிடுவதுதான் வழியோ? இந்த மனநிலைக்கும் நம் பழைய நூல்களில் ஓர் உருவம் உண்டு. பௌத்தர்களின் தீக நிகாயத்தில் அஜாதசத்துரு மன்னன், துறவு வாழ்வுக்கு இம்மையிலேயே காணத்தக்க பயன் என்ன என்று சஞ்சயன் என்னும் ஆசிரியனைக் கேட்டதற்கு, மறுமை உண்டா, வினைக்குப் பயன் உண்டா என்ற வினாக்களை எடுத்துக்கொண்டு, உண்டு என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் அவன் நழுவிச் சென்றதாகக் கூறப்படுகிறது. புள்ளி விவரம் போதாது, இன்னும் ஒரு குழுவை அமைப்போம் என்று பத்தாண்டுக்குப் பத்தாண்டு ஒரு பகுதியின் குடிநீரையும் கழிப்பிடத்தையும் தள்ளிவைக்கும் நிர்வாகம் சஞ்சயனின் வழியில் நடக்கிறது. அங்கே ஐயம் அடக்கமாக இருக்கவில்லை, கடமையை மறைக்கும் திரையாகிவிட்டது. சமணர் வகுத்த சியாத்வாதமோ இதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. ஒரு நோக்கில் இது உண்டு, மற்றொரு நோக்கில் இல்லை என்று சொல்லும்போது, அவர்கள் எந்த நோக்கில் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டுத் துணிந்தே பேசுகிறார்கள். வேலை கிடைப்பதில் தாராவி வளமுடையது, மூச்சு விடும் காற்றில் வறுமையுடையது, தொழில் கற்பதில் பள்ளிக்கூடம், உறங்குவதற்கு நெருக்கடி என்று நோக்கை உடன்சொல்லிப் பேசுவது நழுவல் ஆகாது. அதுவே நிறைவான தீர்ப்பு.

துணிந்து தீர்ப்புச் சொல்ல வேண்டிய வேளை வரும்போது ஐயத்தின் சுமையை யார் தலையில் ஏற்றுவது என்பதே கடைசிக் கேள்வி; அறத்தின் பார்வையில் முதற்கேள்வியும் அதுதான். மாஹிமின் தர்காவிலே துயிலும் மக்தூம் அலி மாஹிமி, குர்ஆனுக்கு உரை கண்ட பேரறிஞர். 1372 முதல் 1431 வரை வாழ்ந்த அவர் இவ்வூரின் காஜியாகவும் இருந்தார் என்பது மரபு. அவர் கற்ற நீதி நூல்களிலே நிலைபெற்ற ஒரு விதி உண்டு: ஐயத்துக்கு இடமிருந்தால் கடுந்தண்டனையை விலக்கிவிட வேண்டும். மீட்க முடியாத தீங்கை மீட்கக்கூடிய பிழையோடு சமமாக நிறுக்கலாகாது என்ற தெளிவே அவ்விதியின் உயிர். பாண்டியன் நெடுஞ்செழியனுடைய பிழையும் அறியாமையன்று; பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட அந்த நொடியில் அவனுக்கு ஐயமே எழாததும், எழுந்த தீர்ப்பு திரும்பப் பெற முடியாததாக இருந்ததுமே அவன் பிழை.

இந்த விதியை நம் காலத்துக்குக் கொண்டு வருவோம். தாராவியைப் புதுப்பிக்கும் திட்டம் 2004ஆம் ஆண்டிலிருந்து பல வடிவங்களில் வந்து, 2022இல் அதானி குழுமத்தின் கைக்குச் சென்று, 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடைபெறும் நிலையை அடைந்தது. 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்ந்ததற்குச் சான்று உடையவர்க்குத் தாராவியிலேயே இலவச வீடு. அதற்குப் பின் வந்தோர்க்கும் மேல்மாடியில் இருப்போர்க்கும் வேறு விதிகள், வேறு இடங்கள். குடிசைவாசிகளுக்கு அரசு அளித்த போட்டோ பாஸையும் பழைய மின்கட்டணச் சீட்டையும் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் காட்டி, ‘பாத்ர’ (தகுதியுடையோர்) என்ற பட்டியலிலோ ‘அபாத்ர’ (தகுதியற்றோர்) என்ற பட்டியலிலோ தங்கள் பெயர் ஏறுவதற்குக் குடும்பங்கள் காத்திருந்தன. எந்தக் கணக்கெடுப்பிலும் இருவகைப் பிழை நேரும். உரிமையில்லாத ஒருவருக்கு வீடு கிடைத்துவிடலாம். உரிமையுள்ள ஒருவர் விலக்கப்பட்டுவிடலாம். முதற்பிழையால் செல்வமுள்ள ஒரு திட்டம் சில சதுர அடிகளை இழக்கும். இரண்டாம் பிழையால் ஒரு குடும்பம் தொழிலையும், வாடிக்கையாளரையும், பிள்ளைகளின் பள்ளியையும், நோய் வந்தால் ஓடிவரும் அண்டை வீட்டாரையும் ஒருங்கே இழக்கும். எந்த ஈட்டுத் தொகையும் அவற்றைத் திரும்பக் கொண்டுவராது. இவ்விரு பிழைகளையும் ஒரே தட்டில் வைப்பவர் நடுநிலைமையில் நிற்பதாக நினைத்தாலும், அவர் துலாக்கோல் சாய்ந்தே இருக்கிறது.

ஆகவே பிரதேச வளர்ச்சியை மதிப்பிடும் பொறுப்பை ஏற்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. எண்ணைச் சொல்லும்போது அதன் ஐயத்தையும் உடன்சொல்ல வேண்டும். எண்ணப்படுகிறவர்களே எண்ணுவோராகவும் இருக்க இடந்தர வேண்டும். எந்த நோக்கிலிருந்து பேசுகிறோம் என்பதை மறைக்கலாகாது. தீர்ப்பைத் திருத்தும் வழியை, மேல்முறையீட்டுக்கு அஞ்சாத மனத்தோடு, திறந்தே வைத்திருக்க வேண்டும். அறியாத இடத்தில் நேரும் பிழையின் பாரம் அதைத் தாங்கவல்லவர் மீதே விழும்படி விதிகளை அமைக்க வேண்டும். முற்றறிவு இறைவனுக்கே உரியது, உயிர்களின் அறிவு சிற்றறிவே என்பதை இறைவனை ஒப்புக்கொள்ளும் சமயங்கள் யாவும் ஒருமனதாகக் கூறுகின்றன. கோயிலிலும் தர்காவிலும் மாதா கோயிலிலும் நாம் தலைவணங்கி ஏற்கும் அந்த உண்மை, திட்டக் குழுவின் அறைக்குள் நுழையும்போது வெளியே நிறுத்தப்படக் கூடாது. தன் அறிவின் எல்லையை உணர்ந்தவன் பிறன் வாழ்வைக் கையில் எடுக்கும்போது அந்தக் கை மெதுவாகவும் உறுதியாகவும் செயற்படும். அவ்வாறு செயற்படுமாறு அவனை வற்புறுத்துவது குடிமக்களாகிய நம் ஒவ்வொருவருடைய கடமையாகும்.